கரையான்சாவடி கேசட்டும் ராட்டர்டாம் கிழவர்களும்

1

ஒவ்வொரு மாதமும் முதல் ஞாயிறு, மதியம் இரண்டு மணிக்கு நான் ஆடப் போகிறேன். ஊரில் இருக்கிறவர்கள் பயப்பட வேண்டாம். சர்க்கரை ஏறிவிட்டது, தினமும் நடக்க வேண்டும் என்றார் டாக்டர். ராட்டர்டாம் மழையில் எவன் நடப்பான்? கூரைக்கு அடியில் நின்று ஆடுவது மேல் என்று முடிவு செய்தேன்.

ஆடும் இடம் எங்கள் பேட்டை நூலகத்தை ஒட்டிய சமூகக் கூடம். வருகிறவர்களில் பாதிப் பேருக்கு அறுபது தாண்டிவிட்டது. மின்னணு நடன இசை என்ற ஒன்று புதிதாக முளைத்த நாட்களில், பாழடைந்த கிடங்குகளிலும் காலிக் கப்பல்களிலும் விடிய விடிய ஆடியவர்களாம் இவர்கள். இப்போது முட்டி ஒத்துழைக்கவில்லை. அதனால் இரண்டு மணிக்கு ஆரம்பித்து ஆறு மணிக்கு மூடிவிடுகிறார்கள். சுவர் ஓரமாக நாற்காலி உண்டு. நுழையும்போது காதுக்குப் பஞ்சு தருவார்கள். ஐந்தரைக்கு ஒரு கோப்பை பட்டாணி சூப்.

இரண்டு பாட்டுக்கு நடுவில் எல்லோரும் ஒரே பேச்சுத்தான் பேசுவார்கள். அந்தக் காலம் மாதிரி வராது, இப்போது வருகிற பையன்களுக்கு என்ன தெரியும், எல்லாம் கம்ப்யூட்டர் செய்துவிடுகிறது. ஆவடியில் ஓய்வு பெற்ற டேங்க் ஃபேக்டரி பெரியவர்கள் பெஞ்சில் உட்கார்ந்து பேசுவதற்கும் இதற்கும் ஒரு வித்தியாசமும் இல்லை. இங்கே பெஞ்சு கொஞ்சம் சுத்தம்.

இந்தச் சங்கத்தை நடத்துகிறவர் ஹென்க். துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். முன்னால் வழுக்கை, பின்னால் குடுமி. நான் போன முதல் நாளே கையில் ஒரு படிவத்தைக் கொடுத்தார். இந்த நாட்டில் மூச்சு விடுவதற்கும் படிவம் இருக்கும், ஆடுவதற்கு இல்லாமலா இருக்கும்? பெயர், முகவரி, ஏதாவது மாற்று மூட்டு உண்டா, மயங்கி விழுந்தால் யாருக்குத் தகவல் சொல்ல வேண்டும். கடைசியில் ஒரு கேள்வி: ஆரம்ப நாட்களில் நீங்கள் எங்கே ஆடினீர்கள்?

நான் யோசிக்காமல் 'ஆவடி' என்று எழுதினேன்.

ஹென்க் அதை ஒரு கிளப்பின் பெயர் என்று நினைத்துக்கொண்டார். கேள்விப்பட்டதில்லையே, எத்தனை பேர் கொள்ளும் என்று கேட்டார். நிறைய என்றேன். எப்போது மூடினார்கள் என்றார். இன்னும் மூடவில்லை, ரயில்கூட நிற்கிறது என்றேன். அவர் கண்கள் விரிந்தன. ரயிலடியில் ஒரு ரகசியக் கிளப், அதில் ஆடிய ஒருவன் நம்மிடம் வந்திருக்கிறான் என்று அன்றைக்கே எல்லோரிடமும் சொல்லிவிட்டார். நான் திருத்தவில்லை. எவனாவது மரியாதை கொடுத்தால் வேண்டாம் என்று சொல்கிற வழக்கம் எங்கள் குடும்பத்தில் கிடையாது.

ஆனால் அதே நாள் கொஞ்சம் மரியாதை போகவும் செய்தது. ஆடி முடித்து வேர்த்துக் கொட்டியபோது, ஆங்கிலத்தில் நினைத்ததை அப்படியே டச்சுக்கு மாற்றி "நான் சூடாக இருக்கிறேன்" என்று பக்கத்தில் நின்ற பெண்மணியிடம் சொல்லிவிட்டேன். அந்த மொழியில் அதற்கு வேறு பொருளாம். அவர் சிரித்துக்கொண்டே ஜன்னலைத் திறந்து விட்டார். பதினெட்டு வயது ஆகும் என் மகள் யாழினி இதை எப்படியோ கேள்விப்பட்டு, ஒரு வாரம் என்னோடு தெருவில் நடக்க மறுத்தாள்.

2

ஆவடியில் நாங்கள் ஆடியது பொய் இல்லை. இடம்தான் கிளப் இல்லை.

தயாளன் என் பள்ளித் தோழன். கரையான்சாவடி மெயின் ரோட்டில் 'தயா சவுண்டு சர்வீஸ்' வைத்திருந்தான். கல்யாணம், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, ஆடி மாதம் கூழ் ஊற்றுவது என்று பூந்தமல்லியில் இருந்து திருநின்றவூர் வரைக்கும் அவன் பாக்ஸ்தான் கட்டுவார்கள். நான் அப்போது அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் கம்ப்யூட்டர் பார்த்துக்கொண்டிருந்தேன். ஞாயிறானால் தயாவின் கேசட் டெக் முன்னால் உட்கார்ந்துவிடுவேன். எந்தப் பாட்டுக்கு அப்புறம் எந்தப் பாட்டு என்பது என் பொறுப்பு. இப்போது அதற்கு டிஜே என்று பெயர். அப்போது "டேய், அந்தக் கேசட்டு மாத்தறவன" என்று கூப்பிடுவார்கள்.

கப்பலில் சமையல்காரராக இருந்த ஒருவர் தயாவின் தெருவில் குடியிருந்தார். ஊருக்கு வந்த ஒரு தடவை, எந்தத் துறைமுகத்திலோ பழைய சாமான் கடையில் கிடைத்தது என்று பெயர் எழுதாத ஒரு கேசட்டைக் கொடுத்தார். போட்டோம். பாடுகிறவர் யாரும் இல்லை. டும் டும் டும் டும் என்று ஒரே அடி. அதன்மேல் ஏதோ ஒன்று கீச்சிட்டது, நின்றது, மறுபடி கீச்சிட்டது. தயா டெக்கைத் திறந்து ஹெட்டைத் துடைத்துவிட்டு மறுபடி போட்டான். அதேதான்.

"ரிப்பேர்லாம் இல்ல குமாரு," என்றான். "பாட்டே இவ்ளோதான் போல கீது."

அடுத்த ஞாயிறு பட்டாபிராமில் ஒரு மஞ்சள் நீராட்டு. சினிமாப் பாட்டுக்கு நடுவில் தைரியமாக அதைப் போட்டேன். பெண்ணின் பெரியப்பா வந்து டெக் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். பத்து நிமிடம் பொறுமையாகக் கேட்டார். "எப்ப பாட ஆரம்பிப்பான்?" என்றார். இன்னும் கொஞ்ச நேரத்தில் என்றேன். அவர் சாப்பிடக்கூடப் போகாமல் காத்திருந்தார்.

ஆனால் பந்தலுக்கு வெளியே நடந்தது வேறு. எஸ்டேட்டில் பிரஸ் மெஷின் ஓட்டுகிற ஆட்கள் ஏழெட்டுப் பேர் பந்தல் ஓரமாக நின்றிருந்தார்கள். அதில் ஒருவர் தலையாட்டிக்கொண்டே வந்து, "இது நிமிசத்துக்கு நூத்தி முப்பது ஸ்ட்ரோக்குடா, நம்ம ரெண்டாம் நம்பர் மெஷினு மாதிரியே கீது," என்றார். பிறகு ஆட ஆரம்பித்தார்கள். வாரம் முழுவதும் எந்தச் சத்தத்துக்கு முன்னால் விரலைக் காப்பாற்றிக்கொண்டு அசையாமல் நின்றார்களோ, அதே சத்தத்துக்கு ஞாயிற்றுக்கிழமை கையையும் காலையும் இஷ்டத்துக்கு வீசினார்கள். அதற்கு 'மெஷின் பாட்டு' என்று அவர்களே பெயர் வைத்தார்கள். மின்னணு நடன இசை என்று ஒரு பேர் இருப்பது எனக்கு இங்கே வந்துதான் தெரியும்.

மெஷின் பாட்டுக்காகவே தயாவுக்கு ஆர்டர் வர ஆரம்பித்தது. உடனே அவனுக்குப் பயமும் வந்தது. கேசட்டை எவனாவது காப்பி அடித்துவிட்டால்? அன்றைக்கு எல்லா சவுண்டு சர்வீஸ்காரர்களும் செய்கிற வேலையை அவனும் செய்தான். பாட்டை வேறொரு கேசட்டில் ஏற்றி, நடுவில் எக்கோ மைக்கில் தன் குரலையும் பதிவு செய்தான். மற்றவர்கள் கடைப் பெயரோடு நிறுத்திக்கொள்வார்கள். தயா நிறுத்தவில்லை.

"இது கரையான்சாவடி தயா சவுண்டு சர்வீஸ் கேசட்டு. வேற எவனாவது போட்டான்னா அவன் திருடன். திருடன். திருடன்."

மூன்று 'திருடன்'களும் அடியின்மேல் கச்சிதமாக உட்கார்ந்தன. அது போதாதென்று, குரல் இல்லாத மூலக் கேசட் இருந்தால்தானே காப்பி அடிப்பார்கள் என்று அதன்மேல் அம்மன் பாட்டைப் பதிந்து அழித்தும்விட்டான். ஆக உலகத்தில் அந்த இசைக்கு எங்களுக்குத் தெரிந்து ஒரே ஒரு பிரதி, அதற்குள் தயா. ஜனங்கள் அதையும் பாட்டோடு சேர்த்துக்கொண்டார்கள். அந்த இடம் வந்ததும் ஆடுகிறவர்கள் எல்லோரும் ஒருவரை ஒருவர் விரலால் காட்டி "திருடன், திருடன்" என்று கத்துவார்கள். மாப்பிள்ளை மாமனாரைக் காட்டுவார். மாமனார் பந்தல்காரரைக் காட்டுவார்.

3

இனி வருவதை இத்தனை வருடம் யாரிடமும் சொன்னதில்லை.

நெதர்லாந்தில் வேலை கிடைத்து டிக்கெட்டும் வந்துவிட்டது. ஒரு காப்பி எடுத்துக்கொள்கிறேன் என்று தயாவிடம் கேட்டேன். "உனுக்கு இன்னா வேணா கேளு மச்சான். அத்த மட்டும் கேக்காத," என்றான். கிளம்புவதற்கு முந்தைய ஞாயிறு, விழா முடிந்து பெட்டி கட்டும்போது கேசட்டை எடுத்து லுங்கியில் சுற்றி என் பையில் வைத்துக்கொண்டேன். திருடினேன் என்றுதான் சொல்ல வேண்டும். இசைக்காக எடுக்கவில்லை. முன்பின் தெரியாத ஊரில் தனியாக உட்கார்ந்திருக்கும்போது தயாவின் குரல் கையில் இருக்க வேண்டும் என்று ஆசையாக இருந்தது. போய்க் காப்பி எடுத்துவிட்டு அனுப்பிவிடலாம் என்றும் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

தயா என்னைச் சந்தேகப்படவே இல்லை. அவன் மனைவி அமுதாவின் தம்பி பாபு மேல் பாய்ந்தான். பாபு அந்த மாதம்தான் திருநின்றவூரில் சொந்தமாக ஒரு சவுண்டு சர்வீஸ் ஆரம்பித்திருந்தான். அது போதாதா? செவ்வாய்க்கிழமை தயா என்னையும் கூட்டிக்கொண்டு அவன் கடைக்குப் போனான். கேசட் பெட்டிகளை எல்லாம் தரையில் கவிழ்த்தான். பாபு உள்ளங்கையில் கற்பூரத்தை ஏற்றி, நான் எடுக்கவில்லை என்று சத்தியம் செய்தான். அணைக்காமல் அப்படியே கையை நீட்டிக்கொண்டு நின்றான். தயா முகத்தைத் திருப்பிக்கொண்டு வெளியே போய்விட்டான். பாபுவின் கையைப் பிடித்து, கற்பூரத்தைத் தட்டிவிட்டு, பக்கத்துக் கடைக்காரரிடம் பல் தேய்க்கிற பேஸ்ட்டை இரவல் வாங்கி வந்து கொப்புளத்தில் தடவினவன் நான். அப்போது கேசட் என் வீட்டுப் பையில் இருந்தது. வாயைத் திறந்திருக்கலாம். பயம். இன்னும் ஐந்து நாளில் விமானம், ஏர்போர்ட்டுக்கு வேன் ஏற்பாடு செய்திருந்தவனும் தயாதான்.

இதோடு முடிந்திருந்தால்கூடப் பரவாயில்லை. அந்த வெள்ளிக்கிழமை தயாவின் மகள் கவிதாவுக்குக் காதுகுத்து. குழந்தைக்கு ஒரு வயது. தாய்மாமன் மடியில்தான் உட்கார வைக்க வேண்டும். பாபு வரக்கூடாது என்று தயா சொல்லிவிட்டான். "குமாரு, நீ உக்காரு. நீதான் இனிமே அதுக்கு மாமன்," என்றான். உட்கார்ந்தேன். ஊசி குத்தியதும் குழந்தை என் சட்டையைப் பிடித்துக்கொண்டு அலறியது. அமுதா அழுதாள், காது குத்தியதற்கு என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள்.

இங்கே வந்த பிறகு ஒரு தடவை தபால் நிலையம் வரைக்கும் போனேன். அயல்நாட்டுப் பார்சலுக்கு ஒரு படிவம். உள்ளே இருக்கும் பொருள் என்ன, அனுப்பும் காரணம் என்ன, பரிசா, விற்பனையா, திருப்பி அனுப்புவதா? மூன்றாவது கட்டத்தில் டிக் அடிக்கக் கை வரவில்லை. வரிசையில் பின்னால் நின்றவர் தொண்டையைக் கனைத்தார். வீட்டுக்குத் திரும்பிவிட்டேன். அதற்குப் பிறகு ஒவ்வொரு மாதமும் சொல்வது இன்னும் கஷ்டமாகிக்கொண்டே போனது. இருபது வருடத்துக்குமேல் ஓடிவிட்டது. பாபு அக்கா வீட்டு வாசலை மிதிக்கவில்லை. கவிதா பெரியவளானபோதும் சீர் கொண்டுவந்தது யாரோ தூரத்துச் சொந்தம். எனக்குப் புகைப்படம் அனுப்பினார்கள். 'வெளிநாட்டு மாமாவுக்கு' என்று கவிதா பின்னால் எழுதியிருந்தாள்.

4

போன மாதம் கவிதாவுக்குக் கல்யாணம் நிச்சயமானது. பூந்தமல்லியில் மண்டபம். தயா சந்தோஷமாகப் போன் செய்து, பத்திரிகையில் தாய்மாமன் என்ற இடத்தில் என் பெயரைத்தான் போடப் போவதாகச் சொன்னான். நான் பதில் சொல்வதற்குள் வைத்துவிட்டான். ஆபீசில் சொந்தக்காரர் கல்யாணத்துக்குச் சிறப்பு விடுப்பு உண்டு. உறவு என்ற கட்டத்தில் 'மாமன்' என்று எழுதி அனுப்பியும்விட்டேன். அவ்வளவு வெட்கம் கெட்டவன் நான்.

இரண்டு வாரம் கழித்து ஒரு சனிக்கிழமை அமுதா கூப்பிட்டாள். அவள் எனக்கு நேராகப் போன் செய்வது அதுதான் முதல் தடவை.

"அண்ணே, வெள்ளிக்கெயம பத்திரிக அடிக்கக் குடுக்குறாரு," என்றாள். "தப்பா நெனச்சுக்காதீங்க. உங்க பேர போடறதுல எனக்கு ஒண்ணும் இல்ல. ஆனா எந்தம்பி உசுரோட கீறான்ண்ணே."

நான் போனை அடுத்த காதுக்கு மாற்றினேன்.

"அவன் எடுத்தானோ எடுக்கலியோ எனுக்குத் தெர்ல. எடுத்தே இருந்தாலும் ஒரு கேசட்டுக்கு எவ்ளோ வருசம்ண்ணே? எங்கொயந்த கல்யாணத்துல என் பொறந்த ஊட்டு ஆளு ஒருத்தர் நிக்க வோணாமா? அவரு யார் சொல்லியும் கேக்க மாட்டாரு. நீங்க சொன்னா கேப்பாரு. நீங்கதான் பேசணும்."

பேசுகிறேன் என்றேன். சமாதானத்துக்கு ஆளைத் தேடி, சரியாகத் திருடன் வீட்டுக் கதவைத்தான் தட்டியிருக்கிறாள்.

5

மறுநாள் அந்த மாதத்தின் முதல் ஞாயிறு. சங்கத்தில் அன்றைக்குச் சிறப்பு நிகழ்ச்சி. ஒவ்வொருவரும் ஆரம்ப நாட்களின் நினைவாக ஒரு பொருள் கொண்டுவர வேண்டும். ஒருவர் கிடங்குச் சுவரில் இருந்து பெயர்த்த செங்கல்லைக் கொண்டுவந்தார். ஒரு பெண்மணி அன்றைக்குப் போட்டிருந்த கால்சட்டையைக் கொண்டுவந்து, அதற்குள் இப்போது ஒரு கால்தான் நுழைகிறது என்று காட்டினார். 'ஆவடி கிளப்'பில் இருந்து என்ன வரப்போகிறது என்று ஹென்க் மூன்று வாரமாக என்னைக் குடைந்துகொண்டிருந்தார். கேசட்டை எடுத்துப் போனேன். நடுவில் தயாவின் குரல் வருவதற்கு முன்பே நிறுத்திவிடலாம் என்பது திட்டம். யாழினியும் கூட வந்தாள். நான் மானத்தை வாங்காமல் பார்த்துக்கொள்வதற்காக.

ஹென்க் தன் பழைய டெக்கில் போட்டார். டும் டும் டும் டும். இது யாருடையது, எந்த வருடத்தது என்று ஆளாளுக்குக் கிசுகிசுத்தார்கள். ஒருவர் கண்ணை மூடிக்கொண்டார். இதைக் கேட்டதே இல்லை, ஆனால் கேட்ட மாதிரியே இருக்கிறது என்றார். செங்கல் கொண்டுவந்தவர் ஆட ஆரம்பித்தார். என் காலும் சும்மா இருக்கவில்லை. பட்டாபிராம் பந்தல், பிரஸ் மெஷின்காரர்கள், பெரியப்பா எல்லோரும் கண்முன்னால் வந்துவிட்டார்கள். நிறுத்த வேண்டும் என்ற நினைப்பே போய்விட்டது.

"இது கரையான்சாவடி தயா சவுண்டு சர்வீஸ் கேசட்டு..."

தயா நுழைந்துவிட்டான். திருடன், திருடன், திருடன் என்று எக்கோ கூடம் முழுவதும் அடித்தது. எல்லோரும் ஆனந்தமாகக் கூவினார்கள். ஹென்க் ஓடி வந்து, அந்தக் குரல் என்ன சொல்கிறது என்று கேட்டார். கலைஞரின் பெயர் என்று நான் ஆரம்பிப்பதற்குள் யாழினி முந்திக்கொண்டாள். ஞாயிற்றுக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கு அவளை எட்டு வருடம் அழ அழ அனுப்பியதன் பலன் அன்றைக்குத்தான் கிடைத்தது. ஒரு சொல் விடாமல் டச்சில் சொன்னாள். இந்தக் கேசட் தயா என்பவருக்குச் சொந்தம். வேறு யார் போட்டாலும் அவர் திருடன்.

பிறகு அந்த நாற்பது கிழவர் கிழவிகளுக்கும் சிரிப்பு தாங்கவில்லை. ஹென்க் கேசட்டைப் பின்னுக்கு ஓட்டி மறுபடி போட்டார். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, அவர்களாகவே விரலை நீட்டினார்கள். ஆவடியில் ஆளுக்கொரு பக்கம் காட்டுவார்கள். இங்கே அத்தனை விரலும் என்னைக் காட்டின. "திருடன், திருடன், திருடன்." உச்சரிப்பு கொஞ்சம் முன்னே பின்னே இருந்தது. கருத்தில் பிழை இல்லை.

நான் சிரிக்கப் பார்த்தேன், வரவில்லை. யாழினி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பா, நீ தயா அங்கிள்கிட்ட கேட்டு எடுத்தியா?"

இல்லை என்றேன். வெளியே தாழ்வாரத்துக்குக் கூட்டிக்கொண்டு போய் எல்லாவற்றையும் சொன்னேன். பாபு, கற்பூரம், காதுகுத்து, அமுதாவின் போன். அவள் குறுக்கிடாமல் கேட்டாள். இங்கே வளர்ந்த பிள்ளைகளுக்கு நம்மைப் போல் சுற்றி வளைக்கத் தெரியாது.

"கூப்பிடு," என்றாள். "இப்போ."

"அங்கே என்ன மணி ஆகிறதோ."

"ஏழரை. ஃபோன்ல போட்டிருக்கு. கூப்பிடு பா."

6

தயா எடுத்ததும் மாமன் மச்சான் என்று குசலம் விசாரிக்க ஆரம்பித்தான். நான் இடைமறித்து ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன். போன் கட்டாகிவிட்டதோ என்று இரண்டு தடவை ஹலோ சொன்னேன்.

"கீறேன்," என்றான். பிறகு, "ஓடுதா?" என்று கேட்டான்.

"என்னது?"

"கேசட்டு. ஓடுதா, பூட்ச்சா?"

போனைக் கூடத்துக்கு உள்ளே நீட்டினேன். ஹென்க் ஐந்தாவது தடவையாகப் போட்டுக்கொண்டிருந்தார். தயாவின் இருபத்தைந்து வயதுக் குரலும், நாற்பது டச்சுக்காரர்கள் திருடன் என்று கத்துவதும் அவனுக்குக் கேட்டன. போனைத் திரும்பக் காதில் வைத்தபோது அவன் சிரிக்கிறானா அழுகிறானா என்று தெரியவில்லை.

"அவனுங்க யார்ரா?"

"இங்கே ஆடுகிறவர்கள்."

"யாரைக் காட்டிக் கத்துறானுங்க?"

"என்னைத்தான்."

"நல்லா கத்தச் சொல்லு," என்றான். அதற்குப் பிறகு அவன் பேசியதை அச்சில் போட முடியாது. என் பரம்பரையில் ஒருவரையும் விடவில்லை. யாழினிக்குப் புரியாத சொற்கள் நிறைய, நல்லவேளை. எல்லாம் முடிந்து குரல் தேய்ந்துபோய், "இத்தினி வருசம் அவன் ஊட்டுப் பக்கம் போவல குமாரு," என்றான். "எம்பொண்டாட்டிய அனுப்பல. இப்ப பாபுகிட்ட நான் இன்னா மூஞ்சி வச்சிகினு போவேன்? நீயே சொல்லு அவன்கிட்ட. நீ சொல்லிட்டு எனுக்கு சொல்லு."

பாபுவின் எண்ணை அமுதாவிடம் வாங்கினேன். மறுநாள் காலை, வேலைக்குக் கிளம்புவதற்கு முன்னால், தனியாகக் கூப்பிட்டேன். அவன் சவுண்டு சர்வீஸை எப்போதோ மூடிவிட்டு ஷேர் ஆட்டோ ஓட்டுகிறான். ஓரமாக நிறுத்திவிட்டுக் கேட்டான். எல்லாவற்றையும் சொன்னேன்.

"நீதான அண்ணாத்தே எங்கைய புடிச்சி பேஸ்ட்டு தடவுன?" என்றான்.

ஆமாம் என்றேன்.

"நல்லா ஊதி ஊதி தடவுன."

எனக்கு அழுகை வந்துவிட்டது. இந்த ஊருக்கு வந்து இத்தனை வருடத்தில் சமையலறையில் நின்று அழுதது அன்றைக்குத்தான். மன்னித்துவிடு என்று தமிழில் ஒருவரிடம் சொல்லி எத்தனை காலம் ஆயிற்று என்றுகூட நினைவில்லை. சொன்னேன். அவன் சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை.

"கவிதா எப்டி கீது?" என்றான். "பாத்ததே இல்ல. ரோட்டுல பாத்தாகூட அடையாளம் தெரியாது." பிறகு, "பத்திரிகைல எம்பேரு வரணும்னா உம்பேரும் வரணும். எப்டி வரணும்னு நான் மாமாகிட்ட சொல்லிக்கிறேன்," என்றான்.

வைப்பதற்கு முன், ஊரில் இருந்து கிளம்புகிறவனைக் கேட்கிற மாதிரி நானும் கேட்டேன். "பாபு, உனக்கு இங்கிருந்து என்ன வாங்கி வரட்டும்?"

"ஒரு பேஸ்ட்டு வாங்கினு வா," என்றான். "கை இன்னும் எரியுது."

7

வெள்ளிக்கிழமை மாலை பத்திரிகை போனில் வந்தது. தாய்மாமன் என்ற இடத்தில் பாபுவின் பெயர், மற்ற எல்லா எழுத்தையும்விடப் பெரிதாக. ஒலி, ஒளி: தயா, பாபு. நல்வரவை விரும்புகிறவர்கள் பட்டியலின் கடைசியில் நான் இருந்தேன். 'கேசட் திருடன் ஆவடி குமரேசன், நெதர்லாந்து.' யாழினி அதைப் பெரிதாக அச்செடுத்து ஃப்ரிட்ஜில் ஒட்டினாள். அவளும் வருகிறாள். பூந்தமல்லியில் இரண்டு நாள் தாங்க மாட்டேன் என்று போன வருடம்வரை சொன்னவள், இப்போது பாபு மாமா கையைப் பார்க்க வேண்டும் என்கிறாள்.

ஆபீசில் சிறப்பு விடுப்புக்குப் பத்திரிகையும் அதன் மொழிபெயர்ப்பும் கேட்டார்கள். மொழிபெயர்த்தவள் யாழினி, ஒரு சொல் விடவில்லை. மனிதவளப் பிரிவுப் பெண்மணி என்னை அழைத்து, விண்ணப்பத்தில் மாமன் என்று எழுதியிருக்கிறீர்கள், இதில் மாமன் என்று வேறு ஒருவர் இருக்கிறாரே, எது சரி என்று கேட்டார். அவர்தான் சரி, கடைசி வரியில் இருப்பவன் நான் என்றேன். அவர் கடைசி வரியைப் படித்தார். என்னைப் பார்த்தார். மறுபடி படித்தார். இந்த உறவுக்குச் சிறப்பு விடுப்பு விதிகளில் இடமில்லை என்றார் கனிவாக. சொந்த விடுப்பிலேயே கழித்துக்கொள்ளச் சொன்னேன்.

பெட்டி கட்டியாகிவிட்டது. கேசட்டை அன்றைக்கு வந்த மாதிரியே லுங்கியில் சுற்றி வைத்திருக்கிறேன். கல்யாண மண்டபத்தில் அதைப் போடும்போது நான் மேடையில் நிற்க வேண்டும் என்பது பாபுவின் உத்தரவு. ஐந்நூறு பேராவது விரலை நீட்டுவார்கள். அது நியாயம். லுங்கிக்குப் பக்கத்தில் ஒரு பேஸ்ட் டியூப். போன தடவை அவன் கையில் தடவிவிட்டுக் கடைக்காரரிடமே கொடுத்துவிட்டு வந்தது கடை டியூப். இது நான் வாங்கியது.